பின் ஆயில் சீல்: கிராங்கில் கீறல் விழாமல் கழற்றுவதும், சீல் உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்வதும்

போன ஐப்பசியில் பட்டறைக்கு ஒரு டிராக்டர் வந்தது. கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் நெல் வைக்கிற தோட்டம். மூன்று சிலிண்டர், நாற்பது எச்.பி.க்குள் இருக்கும் வண்டி. "ஏனுங்ணா, ஆவணியிலதான் வண்டியை ரெண்டாப் பிரிச்சு பின் சீல் மாத்துனோமுங்க. மறுக்காவும் ஒழுவுது. சீல் டூப்ளிகேட்டுங்களா?" என்று கேட்டார் தோட்டத்துக்காரர். பின் சீல் என்பது, பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டான கிராங்க் எஞ்சினின் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில், எண்ணெய் ஒழுகாமல் அதை அணைத்து நிற்கும் வளையம்.

பிரித்துப் பார்த்தால் சீல் நல்ல சீல். உதடு மெத்தென்று இருக்கிறது. உள்ளே சுருள் கம்பி அதன் இடத்தில் இருக்கிறது. குற்றம் கிராங்க் கழுத்தில், அதாவது சீலின் உதடு உரசி ஓடும் இடத்தில். ஒரு நெல்மணி நீளத்துக்கு, உள்ளிருந்து வெளியே ஓடுகிற ஒரு கீறல். பழைய சீலை எடுத்தவர் ஸ்க்ரூடிரைவரைக் கிராங்க் மேல் ஊன்றி நெம்பியிருக்கிறார். எண்ணெய் வெளியே வர அவரே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஈரோட்டில் வேலை பழகிய காலத்தில் நானும் அதையேதான் செய்தேன். மூன்றாம் நாள் வண்டி திரும்பி வந்தது. என் மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. ஸ்பேனர் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். தனியாக மறுபடி பிரித்தேன். அந்த மாதச் சம்பளத்தில் ஆயில் காசையும் பிடித்துக்கொண்டார்.

புது சீலை உள்ளே தட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு வேலைகளில்தான் எல்லாம் கெடுகிறது: பழையதை எடுப்பது, சீல் உட்காரும் இடங்களைத் தயார் செய்வது. டிராக்டரை வைத்தே சொல்கிறேன். லாரி, ஜீப், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிகளின் கம்ப்ரசர் எஞ்சின் எல்லாவற்றுக்கும் சங்கதி இதேதான். முன்னால் இறக்க வேண்டிய பாரம்தான் வேறு.

ஒழுகுவது அந்த சீல்தானா?

இதைப் பார்க்காமல் வண்டியைப் பிரிக்காதீர்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்சை மூடியிருக்கும் கூடுதான் பெல் ஹவுசிங். அதன் அடியில் ஒரு துளை இருக்கும். பல வண்டிகளில் அதில் ஒரு காட்டர் பின் (இரண்டு கால் உள்ள மடக்குக் கம்பி) லொடலொடவென்று தொங்கும். வண்டி ஓடும்போது அது ஆடிக்கொண்டே இருந்தால் துளை அடைபடாது, அதற்காகத்தான். சேற்றுழவுக்கு இறங்கும்போது அந்தத் துளையை மூடச் சொல்லும் வண்டிகளும் உண்டு. மூடுவார்கள், உழவு முடிந்து திறக்க மறந்துவிடுவார்கள். எண்ணெய் உள்ளேயே தேங்கி கிளட்ச் பிளேட் நனைந்த பிறகுதான் வண்டி நம்மிடம் வரும்.

துளையில் விரலை வைத்துத் தொட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கருப்பாக, நீர்த்து இருந்தால் எஞ்சின் ஆயில். பொன்னிறமாக, கொழகொழப்பாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில்; அது கியர்பாக்ஸ் உள்சாஃப்ட் சீலின் வேலை. கருப்பு என்றாலும் அவசரப்பட வேண்டாம். டாப்பெட் கவர் பேக்கிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், பிளாக்கின் பின்பக்க மூடிகள் என்று எது ஒழுகினாலும் எண்ணெய் பின்முகத்தில் வழிந்து இதே துளைக்குத்தான் வந்து சேரும். எஞ்சின் பின்புறத்தைக் கழுவிக் காயவைத்து, முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவி, கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ஈரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பவுடரே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் பிரீதர், எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய். எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தி வையுங்கள். அது தாளம் போட்டால் உள்ளே பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் காற்று) இருக்கிறது, அல்லது பிரீதர் அடைத்திருக்கிறது. ஆறு மாதம் சாளையில் நிறுத்தி வைத்திருந்த ஒரு வண்டியின் பிரீதர் குழாயில் குளவி கூடு கட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மண்ணைக் குத்தி எடுத்ததும் ஒழுக்கு நின்றுவிட்டது. சீலைத் தொடவே இல்லை. ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன் அடிக்கிற வண்டிக்குப் புது சீல் போட்டால் அதையும் காற்று வெளியே தள்ளத்தான் பார்க்கும். அதை வண்டிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிளைவீல் வரைக்கும்

பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். ஆயிலை வடித்துவிடுங்கள், எப்படியும் மாற்றத்தான் போகிறோம். முன் ஆக்ஸில் நடுவில் ஒரு பின்னில்தான் ஆடிக்கொண்டு நிற்கிறது. அதனால் வண்டியைப் பிரிக்கும் முன் ஆக்ஸிலுக்கும் அதைத் தாங்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மர ஆப்பு வைத்து இறுக்குங்கள். இல்லையென்றால் பிரிந்த நொடியில் எஞ்சின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். கூட ஒரு ஆள் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பிரிந்ததும் பின்பாதியை இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் கிடைக்கும்.

கிளட்சின் பிரஷர் பிளேட்டுக்கும், கிராங்கின் பின்முனையில் இருக்கும் கனச் சக்கரமான பிளைவீலுக்கும் சென்டர் பஞ்சால் (புள்ளி குத்தும் உளி) அடையாளம் வைத்துக் கழற்றுங்கள். பிளைவீலை எடுக்கும் முன் ஒரு சோதனை: அதைக் கடப்பாரையால் மெல்ல முன்னும் பின்னும் நெம்பி, டயல் கேஜில் ஆட்டம் எவ்வளவு என்று பார்த்து அந்த எஞ்சினின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். மேலும் கீழும் தூக்கிப் பாருங்கள். கையிலேயே தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால் மெயின் பேரிங் போய்விட்டது. கிராங்க் குதித்துக்கொண்டிருந்தால் எந்த சீலும் நிற்காது.

பிளைவீல் கனம் காலில் விழுந்தால்தான் தெரியும். எதிரெதிராக இரண்டு போல்ட்டைக் கழற்றி அந்த இடத்தில் நீளமான ஸ்டட் இரண்டைப் போட்டுவிட்டு, மற்றதைக் கழற்றி, ஸ்டட் மேல் வழுக்கி இழுங்கள். நடுவில் கியர்பாக்ஸ் சாஃப்டின் முனையைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங்கைச் சுற்றிப் பார்த்து, கரகரத்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.

எடுக்கும் முன் பார்ப்பது

சீல் கண்ணுக்குத் தெரிந்ததும் கை தானாக ஸ்க்ரூடிரைவரைத் தேடும். பொறுங்கள். எஞ்சின் பின்முகத்தில் அப்பியிருக்கும் கிளட்ச் தூசியையும் எண்ணெய்ச் சகதியையும் முதலில் டீசல் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். காற்றடித்து ஊத வேண்டாம். பழைய கிளட்ச் பிளேட்டின் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நெஞ்சுக்குள் போனால் திரும்ப வராது.

இப்போது ஈரம் எங்கே என்று பாருங்கள். உதட்டுக்கும் கிராங்குக்கும் நடுவில் ஈரமா, சீலின் வெளிவட்டத்தில் ஈரமா, சீல் உட்கார்ந்திருக்கும் ஹவுசிங்கும் ஆயில் சேம்பரும் (எஞ்சின் அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி) சேரும் மூலையில் ஈரமா? மூன்றும் மூன்று வேறு வியாதி. முதலாவது கிராங்க் கழுத்தின் பிரச்சினை, இரண்டாவது போர் (சீலின் வெளிவட்டம் உட்காரும் துளை), மூன்றாவது பேக்கிங். சீலை எடுத்துவிட்டால் இந்தச் சாட்சி அழிந்துவிடும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று வெர்னியரால் நான்கு இடத்தில் அளந்து சுவரிலாவது எழுதி வையுங்கள். நான்கும் ஒன்றாக இல்லையென்றால் போன தடவை போட்டவர் கோணலாகத் தட்டியிருக்கிறார்.

வெளியே எடுப்பது

இரண்டு வழி இருக்கிறது. சீல் ஹவுசிங் தனித் துண்டாக பிளாக்கில் போல்ட் போட்டிருந்தால் ஹவுசிங்கோடு கழற்றி, மேசையில் வைத்து, மரக்கட்டை கொடுத்து சீலைத் தட்டி எடுக்கலாம். கிராங்கின் பக்கம் ஆயுதமே போகாது. ஆனால் அதற்கு அடியிலிருந்து சேம்பர் போல்ட்டுகள் சிலவற்றை எடுக்க வேண்டும், சேம்பர் பேக்கிங் கிழியாமல் மெல்லிய பிளேடு விட்டுப் பிரிக்க வேண்டும், திரும்பப் போடும்போது ஹவுசிங்கைக் கிராங்குக்கு நடுமையமாக நிறுத்த வேண்டும். நடுமையம் தவறினால் சீல் ஒரு பக்கமாகத் தேயும். எனவே ஹவுசிங் பேக்கிங்கும் ஒழுகினால் மட்டும் இந்த வழிக்குப் போவேன். அது காய்ந்து கிடந்தால் ஹவுசிங்கை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு சீலை மட்டும் இழுப்பேன்.

இழுப்பது இப்படி. சீலுக்குள் ரப்பருக்கு அடியில் ஒரு தகட்டு வளையம் இருக்கிறது. கடிகாரத்தில் 3 மணிக்கும் 9 மணிக்கும் நேராக, உதட்டை விட்டுத் தள்ளி வெளிவட்டத்துக்குக் கிட்டத்தில், சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வையுங்கள். 2 மி.மீ. டிரில் பிட்டின் நுனியில் கிரீஸைத் தடவிக்கொள்ளுங்கள். துருவல் அதில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினுக்குள் சிந்தாது. பிட்டில் நுனியிலிருந்து சிறிது தள்ளி டேப்பைச் சுற்றிக்கொண்டால் ஆழமாகப் பாயாது. தகடு ஓட்டையானால் போதும். அதில் ஒரு தகட்டு ஸ்க்ரூவை மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். அதன் தலையைப் பிடித்து, பிளாக் மேல் ஒரு மரச் சில்லை வைத்து அதில் ஊன்றி இழுங்கள். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். ஒரே பக்கமாக இழுத்தால் சீல் குறுக்கே சிக்கிக்கொண்டு போரைச் சுரண்டும்.

எது நடந்தாலும் ஊன்றும் இடம் கிராங்காக இருக்கக் கூடாது. வேறு வழியே இல்லை, நெம்பித்தான் ஆக வேண்டும் என்றால், கிராங்க் கழுத்தைச் சுற்றிப் பழைய எக்ஸ்ரே பிலிமை ஒரு பட்டையாக வெட்டிச் செருகிவிட்டு நெம்புங்கள். உளியை வைத்து அடித்து சீலை உள்பக்கம் மடக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த வண்டிகளில் போரில் உளி வாய் பதிந்து கிடப்பதைப் பார்த்து அலுத்துவிட்டேன்.

வெளியே வந்த சீலைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ரப்பர் கல்லாக இறுகி, மடக்கினால் வெடிக்கிறதா? சூட்டில் வெந்திருக்கிறது. சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி வரைக்கும்தான் சுகமாக இருக்கும். வைட்டான் என்றால் 200 டிகிரி தாங்கும். (கருப்பு நைட்ரைல், காப்பிக்கொட்டை நிறம் வைட்டான் என்று கடையில் சொல்வார்கள். நிறம் சாயம்தான், பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.) உதடு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஹவுசிங் நடுமையத்தில் இல்லை. உதட்டில் ஓரிடத்தில் வெட்டு இருந்தால் போடும்போது கிராங்கின் விளிம்பில் பிசிறு குத்தியிருக்கிறது. சுருள் கம்பியைக் காணோம் என்றால் அது கிடைக்கிற வரை மேலே போகாதீர்கள். உள்ளே விழுந்திருந்தால் சேம்பரைக் கழற்றியாவது எடுக்க வேண்டும்.

கிராங்க் கழுத்து

முதலில் கிராங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் தெரிகிற இடைவெளியைத் துணியால் அடையுங்கள். பனியன் வேஸ்ட்தான் இதற்கு நல்லது. திருப்பூர் பக்கத்தில் இருக்கும் நமக்கு அதற்குப் பஞ்சமில்லை. நூல் வேஸ்ட் வேண்டாம், இழை பிரிந்து உள்ளே போகும். வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுங்கள். அழுக்கு எவ்வளவு மீதம் என்று அதில்தான் தெரியும். எத்தனை துண்டு திணித்தீர்கள் என்று எண்ணி வையுங்கள். எண்ணித்தான் வெளியே எடுக்க வேண்டும்.

முதல் கழுவல் டீசலில். டீசல் அழுக்கை இளக்கும், ஆனால் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுத்தான் போகும். ஆகவே கடைசித் துடைப்பு தின்னர், பிரேக் கிளீனர், அதுவும் இல்லையென்றால் பெட்ரோல். பெட்ரோல் என்றால் ஷெட்டுக்கு வெளியே காற்றாடும் இடம் வேண்டும். பக்கத்தில் பீடி, வெல்டிங், சூடான பல்பு எதுவும் கூடாது. கழுத்தில் பழைய உதடு ஓடிய இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் படிந்திருக்கும். அது வெந்த எண்ணெய். பிளேடால் சுரண்டாதீர்கள். தின்னரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்தால் ஊறி வந்துவிடும்.

இப்போது நகத்தை எடுங்கள். கழுத்தில் உள்ளிருந்து வெளியே நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள், சுற்றி எட்டு இடத்தில். கண்ணுக்கு ஒரு கோடு தெரிகிறது, நகத்துக்குத் தெரியவில்லை: பாலிஷ் போட்டால் போதும். நகம் லேசாகத் தட்டுகிறது: சீலைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைத்து, உதடு புது இடத்தில் ஓடும்படி செய்யலாம். நகம் விழுந்து நிற்கிறது: கழுத்தின் மேல் ஸ்லீவ் போட வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். ரப்பர் போய் இரும்பில் பள்ளம் தோண்டுமா என்று கேட்பார்கள். தோண்டும். சேற்றிலும் புழுதியிலும் ஓடிய வண்டியில் உதட்டில் மண் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் உதடே உப்புத்தாள் ஆகிவிடுகிறது.

பாலிஷ் போடுவதற்கு 600-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை விரல் அகலத்துக்கு நீளப் பட்டையாகக் கிழித்து, எஞ்சின் ஆயிலில் நனைத்து, கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து மாறி மாறி இழுங்கள். எங்கள் ஊத்துக்குளிப் பக்கம் வெண்ணெய் கடைகிற மத்துக்கயிறு மாதிரி. பத்து இழுப்புக்கு ஒருமுறை கிராங்கைக் கால் சுற்று திருப்புங்கள். பட்டை ஒரே இடத்தில் நேராக ஓட வேண்டும். உள்ளிருந்து வெளியே தேய்க்கவே கூடாது, இழுக்கும்போது பட்டை பக்கவாட்டில் நடக்கவும் கூடாது.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒருமுறை பள்ளம் விழுந்த கிராங்கை முழு எஞ்சின் வேலையோடு ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சரிசெய்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. புது சீல், புது பேக்கிங், எல்லாம் புதுசு. ஓடவிட்ட ஒரு மணி நேரத்தில் ஒழுகியது. லேத்தில் சுற்றும்போது எமரித் தாளைக் கையில் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தியிருக்கிறார்கள். கழுத்து முழுக்க மரை மாதிரி மெல்லிய கோடு, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு. காங்கேயம் எண்ணெய் மில்லில் எக்ஸ்பெல்லர் திருகு கொப்பரையைத் தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிராங்க் சுற்றச் சுற்ற அந்த மரை எண்ணெயை உதட்டுக்கு வெளியே தள்ளியிருக்கிறது.

அந்த மரை இருக்கிறதா என்று பார்க்க ஒரு நூல் போதும். சென்னிமலையில் தறி நூலுக்கா பஞ்சம்? மெல்லிய, முறுக்கான பருத்தி நூலை எடுத்து, கழுத்தில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டைத் தடவி, நூலைக் கழுத்தின் மேல் தொங்கவிட்டு நுனியில் ஒரு சின்ன நட்டைக் கட்டுங்கள். இன்னொரு முனையைக் கையில் பிடித்து, கழுத்தில் பாதிக்கு மேல் நூல் சுற்றிப் படியும்படி வைத்துக்கொள்ளுங்கள். கூட இருக்கும் தம்பியை முன்னால் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு ஒரே சீராகத் திருப்பச் சொல்லுங்கள். கம்ப்ரஷன் தடுத்தால் இன்ஜெக்டர்களைக் கழற்றிக்கொள்ளலாம். நூல் இருந்த இடத்திலேயே வழுக்கினால் நல்லது. உள்ளேயோ வெளியேயோ நடந்தால் எதிர்ப்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். இப்போது நூல் திரும்பி நடந்தால் மரை இருக்கிறது, மறுபடி பட்டை போட வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே பக்கம் நடந்தால் எஞ்சின் சாய்ந்து நிற்கிறது அல்லது நீங்கள் நூலைக் கோணலாகப் பிடித்திருக்கிறீர்கள்.

பளபளப்பும் ஓர் அளவுக்குத்தான். சாஃப்ட் மேற்பரப்புக்கு டின் 3760 என்ற ஜெர்மன் தரம் சொல்லும் சொரசொரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரான். அதைவிட வழவழப்பாக்கினால் உதட்டுக்கு அடியில் நிற்க வேண்டிய எண்ணெய்ப் படலம் நிற்காது, உதடு காய்ந்து கருகும். ஆகவே 600 போட்டபின் 1000-இல் நான்கு இழுப்பு, அவ்வளவுதான். பஃபிங் சக்கரம், மெட்டல் பாலிஷ் எல்லாம் வேண்டாம்.

சேறு புகுந்து தண்ணீர் தேங்கி நின்ற வண்டியில் துருப்புள்ளிகள் இருக்கும். உதடு ஓடும் இடத்துக்கு வெளியே இருந்தால் விட்டுவிடலாம். ஓடும் இடத்தில் குழி இருந்தால் தேய்த்துத் தீர்க்கப் பார்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க அந்த இடம் மட்டும் தாழ்ந்து, வட்டம் வட்டமாக இருக்காது.

சீலைத் தள்ளி உட்கார வைப்பதைச் சில கம்பெனிகளின் புத்தகமே சொல்கிறது. ஒன்றிரண்டு மி.மீ. போதும். உதடு கழுத்தின் சரிவான விளிம்பில் ஏறிவிடாமலும், ஹவுசிங்கில் எண்ணெய் திரும்பும் துளையை சீல் அடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்லீவ் என்பது கால் மில்லிமீட்டருக்குச் சற்று மேல் கனமுள்ள மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய். அவ்வளவு மெல்லிசு என்பதால் பழைய அளவு சீலே அதன்மேல் ஓடும். கழுத்தை மைக்ரோமீட்டரால் பள்ளம் இல்லாத இடத்தில் அளந்து வாங்குங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் மெட்டல் எபாக்ஸியால் நிரப்பி, அது இறுகும் முன்பே ஸ்லீவை ஏற்றிவிட வேண்டும். அதன்மேல் எமரி போட வேண்டாம், கம்பெனியிலேயே முடித்துத்தான் வருகிறது.

கடைசியாகக் கழுத்தின் வெளி விளிம்பு. புது சீல் அதன் மேல் ஏறித்தான் உள்ளே போகும். விளிம்பைச் சுற்றி ஒரு துண்டு பஞ்சை ஓட்டிப் பாருங்கள். எங்கே இழை மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. எண்ணெய்க்கல்லால் அந்த இடத்தை மட்டும் மழுக்கிவிடுங்கள்.

போரும் ஹவுசிங்கும்

சீலின் வெளிவட்டம் உட்காரும் போரை விரலால் தடவுங்கள். மேடாக நிற்பதை மட்டும் எண்ணெய்க்கல்லால் சமப்படுத்துங்கள். பள்ளமாக இருப்பதை விட்டுவிடுங்கள். வெளிவட்டத்தில் ரப்பர் பூசிய சீல் சின்னக் கீறலைத் தானே நிரப்பிக்கொள்ளும். தகட்டு வெளிவட்டம் என்றால் மெல்லிய படலமாக சீலன்ட் தடவலாம்.

ஹவுசிங் பெரும்பாலும் அலுமினியம். பழைய பேக்கிங்கையும் சிலிக்கானையும் எடுக்க மூங்கில் சிம்பைச் சீவி உளி மாதிரி வாய் வைத்துக்கொள்வேன். முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம், அலுமினியத்தில் கோடு விழாது. கிரைண்டரில் மாட்டுகிற நைலான் உரசும் தட்டு வேகமாக வேலை செய்யும், நானும் வைத்திருக்கிறேன், ஆனால் திறந்து கிடக்கும் எஞ்சினுக்குப் பக்கத்தில் அதை எடுக்க மாட்டேன். அதிலிருந்து பறக்கும் மாவு சாணைக்கல் மாவுதான். ஆயிலோடு கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். உதிர்கிற சிலிக்கான் துணுக்குகளையும் உள்ளே விடக்கூடாது. அது ஆயில் பம்பின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும்.

போல்ட் துளைகளை மறக்காதீர்கள். அடி மூடிய துளையில் எண்ணெய் நின்றால் போல்ட் இறுகிய மாதிரி காட்டும், ஆனால் பேக்கிங்கை அமுக்காது. துணித்திரியை விட்டு உறிஞ்சி எடுங்கள். சேம்பர், பிளாக், ஹவுசிங் மூன்றும் சேரும் இரண்டு மூலைகளிலும் பழைய சிலிக்கான் ஒளிந்திருக்கும். பல் துலக்கும் பழைய பிரஷை விட்டால் வரும். எல்லாம் முடிந்ததும் தின்னர் நனைத்த புது வெள்ளைத் துணியால் ஒரு துடைப்பு. துணி வெள்ளையாகவே திரும்பி வருகிற வரைக்கும் துடையுங்கள்.

கயிறு சீல் உள்ள பழைய வண்டிகள்

பெர்கின்ஸ் 3.152 வழியில் வந்த பழைய எஞ்சின்களில் ரப்பர் சீல் இருக்காது. இரண்டு அரைவட்ட ஹவுசிங், அவற்றின் காடியில் கயிறு மாதிரி ஒரு பட்டை. பழைய கயிறு ஆஸ்பெஸ்டாஸ். எண்ணெயில் நனைத்தபடியே கொக்கியால் இழுத்து எடுத்துப் பையில் கட்டிப் போடுங்கள், உலர்ந்து தூளாக விடாதீர்கள். காடியைச் சுத்தம் செய்தபின், புதுக் கயிற்றின் இரு முனையையும் முதலில் 25 மி.மீ. அளவுக்குக் காடியில் அமர்த்தி, முனை ஹவுசிங் முகத்தை விட்டு 0.25 முதல் 0.50 மி.மீ. வெளியே நிற்கும்படி விட்டுவிட்டு, அப்புறம்தான் நடுப்பகுதியை அமுக்க வேண்டும். பிறகு உருண்டைக் கம்பியை உருட்டிப் படிய வையுங்கள். வெளியே நிற்கிற முனையைப் பார்த்து ஆசையாக பிளேடை எடுத்து மட்டமாக நறுக்கிவிடுவார்கள் புதுப்பையன்கள். அந்த அரை மில்லிமீட்டர்தான் இரண்டு பாதியும் சேரும் இடத்தை அடைக்கிறது.

திரும்பப் போடுவது

துணித்துண்டுகளை எண்ணி எடுங்கள். ரப்பர் உதடு என்றால் உதட்டிலும் கழுத்திலும் சுத்தமான எஞ்சின் ஆயிலைத் தடவுங்கள். உதட்டில் சுருள் கம்பி இல்லாமல், வெள்ளையாகவோ பழுப்பாகவோ அகலமாக மடிந்த டெஃப்லான் உதடு என்றால் பெரும்பாலும் எண்ணெய் கூடாது. சீலோடு வரும் தாளில் எழுதியிருக்கும், அதையே கேளுங்கள். பழைய சீலைப் புதியதின் மேல் கவிழ்த்து வைத்து, அதன் மேல் மரக்கட்டை கொடுத்து, சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். முதலில் எழுதி வைத்த ஆழத்தோடு நான்கு இடத்திலும் ஒப்பிடுங்கள்.

பிளைவீல் போல்ட் துளை கிராங்க்கேஸுக்குள் திறந்திருக்கும் எஞ்சின்களில் மரையில் சீலன்ட் தடவாமல் போட்டால் சீல் பக்கமே போகாமல் எண்ணெய் போல்ட் வழியாக வரும். இறுக்கம் புத்தகத்தில் உள்ளபடி, டார்க் ரெஞ்சில். எண்ணெய் குடித்த கிளட்ச் பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மறுபடி போடச் சொல்வார்கள். சூடானதும் குடித்ததைக் கக்கும். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது, மாற்றிவிடுவேன்.

வண்டியைச் சேர்த்து, ஆயில் ஊற்றி, அரை மணி நேரம் ஓடவிட்டு, பெல் ஹவுசிங் துளைக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன். காலையில் அட்டையைப் பார்த்த பிறகுதான் சாவி தோட்டத்துக்காரர் கைக்குப் போகும். அந்த ஐப்பசி வண்டிக்கு ஸ்லீவ் போட்டேன். மறுநாள் அட்டையில் ஒரே ஒரு சொட்டு இருந்தது. விரலில் தொட்டுப் பார்த்தேன், கழுவிய டீசல். காட்டர் பின்னை விரலால் ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.